ஓசை போன காசு

விளக்கு வைத்தும் வைக்காத நேரம். பாப்பாரப்பட்டியிலிருந்து இண்டூருக்கு வருகிற வண்டிப் பாதை. இரண்டு பக்கமும் புளியமரம். ஆள் இல்லை, மாடு இல்லை... குரைக்க ஒரு நாய்கூட இல்லை. சவுரியப்பன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறார். பின்சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. தொளதொளத்த டயர் மண்ணில் உரசுகிறது. சரக்... சரக்... அது ஒன்றுதான் சத்தம்.

அப்போதுதான் அது கேட்டது.

டொக்.

யாரோ காசைக் கல்லில் போட்டுப் பார்க்கிறார்கள்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ரயில் இப்போதைக்கு வராது. பொம்மிடி ஸ்டேஷனுக்கு பாசஞ்சர் நேரத்துக்கு வந்தால்தான் பயப்பட வேண்டும். இந்தக் கதை நான் கட்டியது இல்லை. அதோ சுவரோரம் போர்வைக்குள் சுருண்டு உட்கார்ந்திருக்கிறானே கஸ்பார், இவனுடைய அத்தை வீட்டுக்காரருக்கு நடந்தது. இவன் அப்பா இன்னாசி தன் வாயால் எனக்குச் சொன்னது. எங்கேயாவது நான் புளுகினால் கஸ்பார் இருமட்டும், நிறுத்திக்கொள்கிறேன்.

சவுரியப்பன் இந்த ஸ்டேஷனில்தான் டிக்கெட் கொடுத்தார். அதோ பலகை போட்டு மூடியிருக்கிறதே, அந்த இடத்தில் இருந்த பழைய சன்னலுக்கு உள்ளே. வெள்ளைக்காரன் காலம். ரூபாய் என்றால் வெள்ளி ரூபாய். ராணி தலை, மொட்டைத்தலை ராஜா, கிரீடம் வைத்த ராஜா... எது வந்தாலும் சன்னலில் பதித்திருந்த கருங்கல்லில் ஒரு சுண்டு. கணீர் என்றால் டிக்கெட். டொக் என்றால் காசைத் திருப்பித் தள்ளிவிடுவார். “வேற குடு.” அவ்வளவுதான் பேச்சு. வண்டி கூவிக்கொண்டு கிளம்பினாலும் சரி, எதிரே நிற்பவர் கையெடுத்துக் கும்பிட்டாலும் சரி, நிமிர்ந்து பார்க்க மாட்டார். பாவம், அவரைச் சொல்லியும் குற்றமில்லை. கள்ளக்காசை வாங்கிப் போட்டால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். வேலைக்கு வந்த புதிதில் அப்படி நிறையக் கட்டி அழுதிருக்கிறார்.

அழுது கட்டிய அந்தக் காசுகளைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தார். போகப் போக அதுவே பைத்தியமாகிவிட்டது. ஊரில் ஒருவன் தபால்தலை சேர்ப்பான், ஒருவன் தீப்பெட்டிப் படம் சேர்ப்பான். இவர் கள்ளக்காசு சேர்த்தார். செம்பில் வெள்ளி பூசியது என்றால் விளிம்பு சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். விளிம்பு வரியை அரத்தால் இழுத்திருந்தால் ஒன்று பெருத்து ஒன்று சிறுத்து நிற்கும். ஈயம் கலந்தது விரலில் சோப்பு மாதிரி வழுக்கும். அச்சில் வார்த்த காசில் அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்திருக்கும். இரண்டு காசில் ஒரே இடத்தில் ஒரே குழி இருந்தால் இரண்டும் ஒரே அச்சில் பிறந்தவை. அப்படி ஒரு ஜோடி கிடைத்துவிட்டால் மனிதர் அன்றைக்குச் சோறு வேண்டாம் என்பார்.

ரிட்டயர் ஆனதும் மனைவி ராஜமேரியின் ஊர்ப் பக்கமாக, இண்டூரை ஒட்டி ஓர் ஓட்டு வீட்டில் குடியேறினார். தருமபுரி தனி ஜில்லாவாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. இங்கே ஸ்டேஷனில் சன்னலை இடித்துக் கட்டியபோது அந்தக் கருங்கல்லைக் கேட்டு வாங்கிப்போய்த் தன் வீட்டுத் தெருச் சன்னலில் பதித்துக்கொண்டார். “சம்பளம் நின்னு போச்சு, மனுசன் சன்னல வுட மாட்டேங்கறாரே” என்று ராஜமேரி சிரிப்பாராம். ஆனால் சன்னலுக்கு ஆள் வந்துகொண்டுதான் இருந்தது. பானையில் புதைத்து வைத்த பழைய வெள்ளி ரூபாயை உருக்கிக் கொலுசு, அரைஞாண் செய்ய நினைப்பவர்கள் முதலில் இவரிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். கூலி கிடையாது. நல்லதை நீ வைத்துக்கொள், கெட்டதை எனக்குக் கொடு. அதுதான் பேச்சு.

அவரிடம் நல்ல காசு என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ராணி தலை போட்ட ஒரு ரூபாய். தாய்க்காசு என்பார். சந்தேகமான காசு வந்தால் முதலில் தாய்க்காசைக் கல்லில் சுண்டுவார், அந்த ஓசையைக் காதில் பிடித்துக்கொண்டு அடுத்ததைச் சுண்டுவார். ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு, சட்டைப்பைக்குள் எப்போதும் வைத்திருப்பார். ராஜமேரிக்குக்கூடத் தொடக் கொடுக்க மாட்டார்.

அந்த ராஜமேரிக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. வயிற்றில் கட்டி. வைத்தியம் கைவிட்டுவிட்டது. கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவருக்கு அவள், அவளுக்கு அவர். கஞ்சி வைப்பது, துணி அலசுவது, தலை வாரிவிடுவது எல்லாம் சவுரியப்பன்தான். நோயிலும் அந்த அம்மாளுக்குக் கேலி போகவில்லை.

“இத பாருங்க, நான் போனா அந்த டப்பாவுல கெடக்கறதுல ஒண்ண எடுத்து என் நெத்தியில ஒட்டிறாதீங்க. நல்லதா வையுங்க. அங்கயும் ஒங்கள மாதிரி ஒருத்தர் சன்னல்ல ஒக்காந்திருப்பாரு.”

“வாய மூடு ராசம்மா” என்பார். அப்புறம் வெளியே போய்க் கிணற்றடியில் நின்றுவிட்டு வருவார்.

நெற்றிக்காசு உங்களுக்குத் தெரியாததா? செத்தவர் நெற்றியில் சந்தனத்தைக் குழைத்து ஒரு ரூபாயை ஒட்டுவது. போகிற வழிக்கு. வேதக்காரர் வீட்டில் அது எதற்கு என்று கேட்காதீர்கள். சாமியார் வந்து மந்திரித்துவிட்டுப் போகும்வரை சிலுவை. அவர் தலை மறைந்ததும் காசு. அந்த ஊரில் அப்படித்தான். தாத்தன் காலத்து வழக்கம், ஞானஸ்நானம் கொடுத்தால் மட்டும் போய்விடுமா?

இப்போது மாதையன் வீட்டுக்கு வருவோம். மாதையன் பாப்பாரப்பட்டிக்கு இந்தப் பக்கம் நிலபுலம் உள்ள குடியானவர். சவுரியப்பனுக்குச் சிநேகிதம். அவருடைய அம்மா கண்ணம்மாள் செத்துப் போனார். நல்ல வயது. சேதி வந்ததும் சவுரியப்பன் ராஜமேரியை இன்னாசியின் பொறுப்பில் விட்டுவிட்டு சைக்கிளில் போனார். இன்னாசி ராஜமேரியின் தம்பி. நான்கு வீடு தள்ளித்தான் வீடு.

பந்தலில் கிழவியைக் கிடத்தியிருந்தார்கள். தாடையோடு சேர்த்துத் தலையில் வெள்ளைத் துணிக் கட்டு. கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தது. ஊதுபத்தி, மஞ்சள், நசுங்கின சாமந்தி... எல்லாம் கலந்த வாடை. நெற்றிக்காசு வைக்கிற நேரம் வந்தது. மாதையன் உள்ளே போய் மஞ்சள் துணி முடிச்சு ஒன்றைக் கொண்டுவந்தார். அந்தக் குடும்பத்துக்கே ஒரே காசு. யார் செத்தாலும் அதைத்தான் நெற்றியில் வைப்பார்கள். பாடையைத் தூக்கும்போது எடுத்துக் கழுவி மறுபடி முடிந்து வைத்துவிடுவார்கள்.

“எங்க பாட்டன், பாட்டி, அப்பன்... எல்லாரும் இத வச்சுத்தான் போனாங்க சார். ஒருக்கா சுண்டிப் பாருங்க.”

பெருமைக்குக் கேட்டதுதான். வாங்கிப் பார்த்து, நல்ல காசு மாதையா என்று சொல்லிவிட்டுக் கொடுத்திருந்தால் கதையே இல்லை. மனிதரின் கை சும்மா இருக்குமா? வாசற்படிக் கல்லில் சுண்டினார்.

டொக்.

பறையடிப்பவர்கள் அப்போதுதான் பீடி பற்றவைக்க நிறுத்தியிருந்தார்கள். அந்த டொக் பந்தல் முழுக்கக் கேட்டது. காசு படி விளிம்பில் மோதித் தெறித்ததில் ஒரு கீறல் வேறு விழுந்தது. சவுரியப்பன் எடுத்து விரலால் தேய்த்தார். வழுக்கியது. ராணியின் மூக்குக்குக் கீழே ஒரு குழி. எத்தனை வருடப் பழக்கம்! வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“இது வெள்ளி இல்ல மாதையா. ஈயம். வார்த்த காசு.”

அழுதுகொண்டிருந்த பெண்கள்கூட நிறுத்திவிட்டார்கள். கண்ணம்மாளின் மருமகள் தீர்த்தம்மாள்தான் முதலில் பேசினார். “அப்ப மாமா போனது? அவங்க அப்பா போனது?” யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

மாதையன் சவுரியப்பனின் சட்டைப்பையைப் பார்த்தார். “உங்க தாய்க்காசக் குடுங்க சார். ஆத்தா நெத்தியில கொஞ்ச நேரம் வச்சிட்டு, கழுவித் தந்துர்றேன்.”

என்ன கேட்டுவிட்டார் பெரிதாக? ஆனால் சவுரியப்பன் சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டார். வீட்டில் அவள் கட்டிலில் கிடக்கிறாள். பிணத்து நெற்றியில் பட்ட காசைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அந்தப் படியை எப்படி ஏறுவது?

“வூட்டுல சீக்காளி கெடக்கறா மாதையா. வேண்டாம்யா. தப்பா நெனைக்காத.”

மாதையன் தப்பாக நினைக்கவில்லை. தலையை ஆட்டினார். அவ்வளவுதான். சாவு வீட்டில் வேறு வெள்ளிக்காசுக்கு எங்கே ஓடுவது? அந்த ஈயக்காசையே கிழவியின் நெற்றியில் ஒட்டினார்கள். பறை மறுபடி கிளம்பியது. காட்டுக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். சவுரியப்பனும் மண் போட்டார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அங்கிருந்து திரும்பி வரும்போதுதான் நான் சொன்னேனே, அந்தப் பாதை... அந்தப் புளியமரம்... அந்த டொக்.

மரத்தடியில் ஒரு கல். கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். தாடையைச் சுற்றித் துணிக்கட்டு. பல்வலி போலிருக்கிறது என்று நினைத்தார் சவுரியப்பன். இருட்டில் முகம் சரியாகத் தெரியவில்லை. காசை எடுப்பாள், கல்லில் போடுவாள். எடுப்பாள், போடுவாள்.

“சாமி... ஒருக்கா சுண்டிப் பாருங்க. அங்க வாங்கிக்க மாட்டேங்கறாங்க.”

பஸ்காரன் ஏற்றியிருக்க மாட்டான் என்று நினைத்துக்கொண்டார். கை தானாக நீண்டது. காசு ஈரமாக இருந்தது. ஒரு பக்கம் ஏதோ பிசுபிசுவென்று ஒட்டியது. மூக்கருகே கொண்டுபோனார். சந்தனம்... அதோடு தோண்டின மண்ணின் வாடை. சுண்டினார். டொக். விரலால் தடவினார். மூக்குக்குக் கீழே குழி.

“ஈயம் ஆத்தா.”

கிழவி காசைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். பக்கத்திலிருந்து இன்னொரு கை நீண்டது. ஒரு கிழவன். அவன் எப்போது வந்தான்? அவன் கையிலும் ஒரு ரூபாய். சவுரியப்பன் வாங்கித் தடவினார். அதே ராணி. அதே இடத்தில் அதே குழி. அட, ஒரே அச்சு! கேளுங்கள் இந்தக் கொடுமையை... அந்த நேரத்தில், அந்த இடத்தில், மனிதருக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஒரே அச்சில் பிறந்த ஜோடி!

மூன்றாவதாக ஒரு கை. ஒரு பொம்பளையின் கை, வளையல் இல்லாமல். நான்காவதாக ஒன்று. மரத்துக்குப் பின்னால் இன்னும் நிற்பது தெரிந்தது. வரிசையாக, ஒருவர் பின்னால் ஒருவர், டிக்கெட்டுக்கு நிற்பது போல. யாரும் தள்ளவில்லை. யாரும் பேசவில்லை. எல்லோர் நெற்றியிலும் வட்டமாக ஒரு தடம். நீட்டிய காசில் எல்லாம் அதே குழி... அப்போதுதான் அவருடைய கட்டைவிரல் நின்றது.

விளிம்பில் ஒரு கீறல்.

எல்லாக் காசிலும் அதே கீறல். மதியம் மாதையன் வீட்டு வாசற்படியில் விழுந்த கீறல். அச்சில் குழி வரும். கீறல் வராது. இது ஒரே அச்சில் பிறந்த காசுகள் இல்லை. இது ஒரே காசு.

ஓடியிருக்கலாமே என்பீர்கள். கால் வரவில்லை என்றாராம் இன்னாசியிடம். சைக்கிளைப் பிடித்த கை பிடித்தபடியே இருந்ததாம். கிழவி தலையை நிமிர்த்தினாள். துணிக்கட்டுக்குள்ளிருந்து பேச்சு குழறி வந்தது.

“நல்லது எப்படிக் கேக்கும் சாமி? நாங்க கேட்டதே இல்லீங்க.”

அதட்டவில்லை. பிடுங்கவில்லை. காசைக் கொடு என்றுகூடக் கேட்கவில்லை. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. சட்டைப்பையில் கைவிட்டுத் தாய்க்காசை எடுத்தார். கல்லில் சுண்டினார்.

கணீர்ர்ர்...

அந்த ஓசை நிற்கவில்லை. வழக்கத்தைவிட நீண்டது. மரத்தடியில் நின்ற அத்தனை பேரும் காதைக் கல்லை நோக்கிச் சாய்த்தார்கள். ஓசை மெலிந்துகொண்டே போனது, யாரோ அதை மெல்ல இழுத்துக் கொண்டுபோவது போல. சவுரியப்பன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். திறந்தபோது கல் இருந்தது, கல்மேல் தாய்க்காசு இருந்தது. ஆட்கள் இல்லை. காசை எடுத்துக்கொண்டு சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ராஜமேரி கட்டிலில் இருந்தபடியே மூக்கைச் சுளித்தாராம். “என்னங்க உங்க மேல, தோண்டுன மண்ணு வாடை அடிக்குது?” இவர் நேரே அடுப்படிக்குப் போனார். தாய்க்காசைப் புளி போட்டுத் தேய்த்தார், சாம்பல் போட்டுத் தேய்த்தார். சன்னல் கல்லில் சுண்டினார்.

டொக்.

மறுபடி சுண்டினார். டொக். தராசில் நிறுத்தார். எடை சரியாக இருந்தது. விளிம்பு வரி சரியாக இருந்தது. குழி இல்லை, வழுக்கல் இல்லை, சிவப்பு இல்லை. அவர் அறிந்த அத்தனை அடையாளமும் நல்ல காசு என்று சொன்னது. ஓசை மட்டும் இல்லை. இன்னாசியைக் கூப்பிட்டுச் சுண்டிக் காட்டினார்.

“நல்லாத்தான மாமா கேக்குது? கோயில் மணியாட்டம்.”

“நல்லாக் கேளுடா.”

“அட, கணீர்னு கேக்குதுங்க மாமா!”

சவுரியப்பனுக்கு டொக் என்றுதான் கேட்டது. அடுத்தடுத்த நாட்களில் சன்னலுக்கு வந்த மற்றவர்களின் காசும் அப்படித்தான். எது வந்தாலும் டொக். ஆனால் கோயில் மணி கேட்டது, கோழி கூவுவது கேட்டது, ராஜமேரி முனகுவது கேட்டது. வெள்ளி மட்டும் கேட்கவில்லை. காது போனதா, காசு போனதா? அதைச் சொல்லக்கூடிய ஆள் ஜில்லாவிலேயே ஒருவர்தான். அந்த ஒருவருக்குத்தான் தெரியவில்லை.

பொறுக்க முடியாமல் மாதையனைப் பார்க்கப் போனார். தாய்க்காசைக் கையில் வைத்து நீட்டினார். “எடுத்துக்க மாதையா. ஆத்தாவுக்கு வச்சிடு. எனக்குத் திருப்பித் தர வேண்டாம்.”

மாதையன் காசைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். கோபமே இல்லாமல்தான் சொன்னாராம். “அப்பவே கேட்டமே சார். பொதைச்சாச்சு. இப்ப யாரு நெத்தியில வைக்கறது?”

சவுரியப்பன் அங்கேயே நின்றார். தீர்த்தம்மாள் மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு வந்தார். வேறு என்ன செய்ய முடியும்?

ராஜமேரிக்கு முற்றிக்கொண்டே போயிற்று. கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. ஒரு நாள் நல்ல வெயிலில் சவுரியப்பன் சுத்தியலும் வெட்டுளியும் எடுத்துக்கொண்டு கருங்கல் முன்னால் உட்கார்ந்தார். தாய்க்காசைக் கல்லில் வைத்தார். ஓசை கைவிட்டால் கடைசி வழி அதுதான். வெட்டிப் பார்ப்பது. நடுவில் ஒரு வெட்டு விழுந்தால் உள்ளே வெள்ளியா, வேறா என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். காதை நம்ப வேண்டியதில்லை. இன்னாசி பக்கத்தில் நின்றார்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. “வெட்டாதீங்க.”

திரும்பினார்.

“வெட்டுப்பட்ட காசு எனக்கு வேண்டாம். மூளிக்காசு வச்சு என்ன அனுப்பாதீங்க.”

இதைவிட ஒரு மனிதனை எப்படிக் கட்டிப்போடுவது? வெட்டினால் தெரியும், ஆனால் அவளுக்கு ஆகாது. வெட்டாவிட்டால் அவளுக்கு ஆகும், ஆனால் தெரியாது. வேறு காசு வாங்கலாமே என்பீர்கள். வாங்கலாம். எந்தக் காதை நம்பி? சவுரியப்பன் வெட்டுளியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கையில் வேர்வை வழிந்து கல்லில் சொட்டியது. பிறகு வெட்டுளியைக் கீழே வைத்துவிட்டு இன்னாசியிடம் காசைக் கொடுத்தார்.

“நீ சொல்லுடா. நீ சொல்றத நான் கேட்டுக்கறேன். நல்லதா?”

இன்னாசி கல்லில் சுண்டினார். காதைக் கூர்மையாக்கிக் கேட்டார். “சத்தியமா நல்லதுங்க மாமா.”

சவுரியப்பன் தலையாட்டினார். வாழ்நாளெல்லாம் ‘உங்க காத நம்பாதீங்க, என் காத நம்புங்க’ என்று ஊருக்குச் சொன்ன மனிதர்.

ராஜமேரி விடிகாலையில் போய்விட்டார். சாமியார் வந்தார், மந்திரித்தார், போனார். சந்தனத்தைக் குழைத்தது இன்னாசி. காசை ஒட்டியது சவுரியப்பன். ஒட்டிவிட்டு விரலை எடுக்கவில்லையாம். இன்னாசிதான் மெல்லப் பிடித்து விலக்கினார். மற்றவர்கள் போலக் காசைத் திரும்ப எடுக்கவும் விடவில்லை. பெட்டியை அப்படியே மூடச் சொன்னார். அவளோடு போகட்டும், நல்லதாக இருந்தால் நல்லதாகப் போகட்டும் என்றார். கல்லறைத் தோட்டத்தில் மழை தூறிக்கொண்டிருந்ததாம். ஈர மண் பெட்டிமேல் விழும் சத்தத்துக்கு அவர் ஒவ்வொரு தடவையும் தலையைச் சாய்த்துக் கேட்டார் என்று இன்னாசி சொன்னார். எதைக் கேட்டாரோ.

அதன் பிறகு விளக்கு வைக்கிற நேரமானால் சவுரியப்பன் சன்னலில் போய் உட்கார்ந்துகொள்வார். சன்னலுக்கு வெளியே தெரு காலியாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் இவர் பேசுவது கேட்கும்.

“நல்லதும்மா... நல்ல காசுதான்... நீ போ.”

தெருவில் போகிறவர்கள் தலையில் அடித்துக்கொண்டு போனார்கள். பெண்டாட்டி போன துக்கம், புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். கள்ளக்காசை நல்ல காசு என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் பாதி ஜனம் ரயிலைத் தவறவிட்டிருக்காது. அப்போதெல்லாம் சொல்லாத மனிதர், இப்போது காலிச் சன்னலைப் பார்த்து நாள் தவறாமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஆள் கரைந்து எலும்பும் தோலுமாகிவிட்டார். இன்னாசிக்கு மனம் கேட்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் சோறு எடுத்துக்கொண்டு போய், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார். இன்றைக்கு இங்கேயே இருந்து அழைத்துக்கொண்டு போய்விடுவது என்று.

வெளிச்சம் இறங்கியது. தெருவில் ஆள் இல்லை. ராந்தல் ஏற்றலாமா மாமா என்று கேட்க இன்னாசி வாயைத் திறந்தார்...

சந்தன வாடை வந்தது. கூடவே மழையில் நனைந்த மண்ணின் வாடை. அன்றைக்கு மழையே இல்லை.

சன்னல் கல்லில் ஒரு காசு விழுந்தது. விழுந்தது கேட்டது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கல் வெறும் கல்லாக இருந்தது.

டொக்.

இன்னாசி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கணீர் என்று சத்தியம் பண்ணின காதில் டொக் என்று கேட்டது.

“நல்லதும்மா” என்றார் சவுரியப்பன். “நல்ல காசுதான். நீ போ.”

யாரும் நகரும் சத்தம் இல்லை. கொஞ்சம் பின்னால், இன்னொரு டொக். அதற்கும் பின்னால் இன்னொன்று. தெருக் கோடி வரைக்கும்... யாரோ வரிசையில் நின்று காத்துக்கொண்டிருப்பது போல. அப்புறம் சன்னல் கம்பிக்கு மிக அருகில், நோயில் கிடந்தபோது எப்படி இருந்ததோ அதே மெலிந்த குரல். அது சவுரியப்பனிடம் பேசவில்லை.

“தம்பி... அங்க வாங்கிக்க மாட்டேங்கறாங்க. இவரு பொய் சொல்றாரு. நீயாச்சும் உண்மையச் சொல்லுடா.”

இன்னாசி என்ன சொன்னார் என்று நானும் கேட்டேன். அவர் சொல்லவில்லை. சவுரியப்பன் அந்த வருடமே போய்ச் சேர்ந்தார். வீடு இன்னாசிக்கு வந்தது, அவருக்குப் பிறகு கஸ்பாருக்கு. அந்தக் கருங்கல்லைப் பேர்த்து எறிந்துவிடலாமே என்று போன வாரம்கூட இவனிடம் சொன்னேன். பேர்த்துக் கிணற்றில் போட்டு ரொம்ப நாளாயிற்றாம்.

சத்தம் இப்போது கிணற்றிலிருந்து வருகிறதாம்.

கஸ்பார் இருமவில்லை, பார்த்தீர்களா?